ஆஸ்திரேலியப் பழைய தந்திப் படிவங்கள்: எதை வைத்து வகை பிரிப்பது?

மேசையில் இரண்டு ஆஸ்திரேலியத் தந்திப் படிவங்கள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிட்டத்தில் பார்த்தால் ஒன்றில் தலைப்பு கொஞ்சம் தடித்த எழுத்தில் இருக்கிறது, இன்னொன்றில் முத்திரை குத்தும் கட்டம் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. இரண்டையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்வதா, தனித்தனி வகையாக வைப்பதா? தபால்தலை சேர்ப்பவர்களுக்குப் பட்டியல் புத்தகம் உண்டு. எண்ணைப் பார்த்து முடித்துவிடலாம். தந்திப் படிவம் சேர்ப்பவர் பெரும்பாலும் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் எந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பிரிப்பது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டால் பின்னால் மொத்தக் கட்டையும் கலைத்து அடுக்க வேண்டியிராது.

தலைப்பும் அரசுச் சின்னமும், படிவ எண்ணும் அச்சகக் குறிப்பும், தாளின் அமைப்பும் வாசகமும், தேதி முத்திரையும் செய்தியும், நிறமும் படமும் என்று பிடித்துக்கொள்ள ஐந்து அடையாளங்கள் இருக்கின்றன. ஐந்துக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எதை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது அச்சுக்கோத்தவர் (அச்சு எழுத்துகளை அடுக்கியவர்) தீர்மானித்ததா, அல்லது தாள் கைக்கு வந்தபிறகு தந்தி அலுவலர் சேர்த்ததா? வடிவமைப்பு வகை என்பது முதலாவது ஆள் செய்த வேலை. இரண்டாவது ஆள் செய்ததை வைத்து வகை பிரிக்கப் போனால், ஒரே படிவம் பத்து ஊரில் பத்து வகையாகிவிடும்.

அதற்கு முன் ஒரு பிரிப்பு

ஐந்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, முதலில் அந்தத் தாள் எந்த வேலைக்கு அச்சடிக்கப்பட்டது என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள். அனுப்புகிறவர் கவுண்டரில் எழுதிக் கொடுத்த படிவம் ஒன்று. பெறுகிறவர் வீட்டுக்குப் போன படிவம் இன்னொன்று. அதை மடித்து வைத்துக் கொடுத்த உறை மூன்றாவது. மூன்றுக்கும் தலைப்பு ஒன்றாக இருக்கலாம், சின்னமும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவை வளர்ந்த பாதை வேறு.

அனுப்பும் படிவத்தில் கட்டணம், வார்த்தை எண்ணிக்கை, அனுப்புகிறவர் கையெழுத்து, முகவரி இவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும். தபால்தலை ஒட்டிக் கட்டணம் கட்டும் வழக்கம் இருந்ததால் அதற்கும் இடம் விட வேண்டும். காலனிக் காலத்தில் தந்திக்கென்றே தனித் தபால்தலைகள்கூட இருந்தன. மேற்கு ஆஸ்திரேலியா 1879ல் வெளியிட்டது. பெறும் படிவத்துக்கு இது எதுவும் தேவையில்லை. அங்கே செய்திக்குத்தான் முதலிடம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அனுப்பும் படிவம் இலாகாவிடமே தங்கிவிடும். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். பெறும் படிவம் பீரோவில், பைபிளுக்கு நடுவில், கல்யாண ஆல்பத்தில் உயிரோடு இருந்தது. ஆகவே இன்று நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி பெறும் படிவங்களே. கீழே நான் சொல்வது முக்கியமாக அவற்றைப் பற்றித்தான்.

தலைப்பும் சின்னமும்

எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். அதில் தவறில்லை. ஒரு படிவத்தின் காலத்தை ஒரே பார்வையில் சொல்லக்கூடிய வேறு அடையாளம் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் தந்தி 1854ல் மெல்போர்னுக்கும் வில்லியம்ஸ்டவுனுக்கும் நடுவே தொடங்கியது. சாமுவேல் மெக்கவன் போட்ட கம்பி. தாஸ்மேனியாவில் ஹோபார்ட்டுக்கும் லான்செஸ்டனுக்கும் 1857ல், நியூ சவுத் வேல்ஸில் 1858ல், குயின்ஸ்லாந்தில் 1861ல், மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கும் ஃப்ரீமேன்டிலுக்கும் 1869ல் என்று ஒவ்வொரு காலனியும் தனித்தனியாகத் தொடங்கின. தனித்தனி அரசு, தனித்தனி இலாகா, தனித்தனி அரசு அச்சகம். ஆகையால் 1901க்கு முந்தைய படிவத்தில் தலைப்பு என்பது ஏறக்குறைய ஊர்ப்பெயர் மாதிரி. எந்தக் காலனி என்று கேட்கவே வேண்டியதில்லை. சில இடங்களில் அது இன்னும் நுட்பமாகப் பேசும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1870ல் தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாகி, தந்திக் கண்காணிப்பாளராக இருந்த சார்லஸ் டாட் இரண்டுக்கும் தலைவரானார். தலைப்பில் தந்தி மட்டும் இருக்கிறதா, தபாலும் சேர்ந்து இருக்கிறதா என்பது அங்கே முக்கியமான கேள்வி.

1901 ஜனவரி 1ல் கூட்டாட்சி வந்தது. மார்ச் 1ல் ஆறு காலனிகளின் தபால் தந்தி வேலையும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் இலாகாவின் கீழ் வந்தன. சேகரிப்பாளர்கள் பி.எம்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். ஆனால் இலாகா ஒன்றானதால் படிவமும் மறுநாளே ஒன்றாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு துணைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், அவருக்குக் கீழே பழைய ஆட்கள், பழைய அச்சகம். காமன்வெல்த்தின் பெயரும் மாநிலத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும் படிவங்கள் இந்த இடைக்காலத்தின் பிள்ளைகள். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ஒரு நாடு சட்டத்தில் ஒன்றான பிறகு அலுவலக மேசையில் எவ்வளவு மெதுவாக ஒன்றாகிறது என்பதை இந்தத் தாள்களில் கண்ணாலேயே பார்க்கலாம்.

சின்னத்துக்கு வருவோம். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரச சின்னம். கங்காருவும் எமுவும் இருந்தால் ஆஸ்திரேலியச் சின்னம். அதிலும் இரண்டு உண்டு. 1908 மே 7ல் வழங்கப்பட்ட முதல் சின்னத்தில் கேடயத்தில் சிலுவை இருக்கும், இரண்டு பிராணிகளும் புல்மேட்டில் நிற்கும், கீழே ‘அட்வான்ஸ் ஆஸ்திரேலியா’ என்று இருக்கும். 1912 செப்டம்பர் 19ல் வழங்கப்பட்ட இரண்டாவது சின்னத்தில் கேடயம் ஆறு பாகமாகி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சின்னம் வந்தது. பின்னணியில் வாட்டில் மலர்க்கிளை, கீழே வெறும் ‘ஆஸ்திரேலியா’. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சின்னம் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லும்; ‘இதற்குப் பின்னால் இருக்க முடியாது’ என்று சொல்லாது. ஆஸ்திரேலிய ஆறு பென்ஸ் நாணயத்தைப் பாருங்கள். 1910ல் அதில் ஏறிய 1908ஆம் ஆண்டுச் சின்னம், இரண்டாவது சின்னம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், 1963 வரை அப்படியே இருந்தது. நாணயத்துக்கே அப்படி என்றால் அச்சகத்தில் கிடந்த பழைய சின்ன அச்சுக்கட்டையை ஒருவர் மறுபடி எடுத்துப் பூட்டியிருக்க மாட்டார் என்று எப்படிச் சொல்வது?

தலைப்பு முறையின் உண்மையான பலவீனம் வேறு. 1975 ஜூலை 1ல் தபாலும் தொலைத்தொடர்பும் பிரிந்தன. தந்தி டெலிகாம் ஆஸ்திரேலியாவோடு போனது. அதற்குப் பிறகான தலைப்பு உடனே தெரியும். ஆனால் 1912க்கும் 1975க்கும் நடுவே இருக்கும் நீண்ட காலத்தில்தான் இரண்டு உலகப் போர்களும் வந்தன, கையில் கிடைக்கும் தாள்களில் பெரும்பாலானவையும் அந்தக் காலத்தவை. அந்த அறுபது வருஷத்தையும் தலைப்பு ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிடுகிறது. காலகட்டத்தை ஒரே பார்வையில் சொல்வதில் முதலிடம், வகையைச் சொல்வதில் பின்னிடம் என்பதே இந்த முறையைப் பற்றி என் கணிப்பு.

படிவ எண்ணும் அச்சகக் குறிப்பும்

படிவத்தின் மேல் மூலையிலோ அடி ஓரத்திலோ மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். படிவ எண், அச்சு ஆணை எண், சிலவற்றில் மாதமும் ஆண்டும், பழையவற்றில் அரசு அச்சக அதிகாரியின் பெயர். இதைப் பார்த்ததும் ‘வேலை முடிந்தது, இதையே வகையாக வைத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும்.

காலத்தைத் துல்லியமாகக் குறிக்க இதைவிட நல்ல சான்று இல்லை என்பது உண்மைதான். அதிகாரியின் பெயர் மட்டும் இருந்தாலும் போதும். நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ரிச்சர்ட்ஸ் 1859 முதல் 1886 வரை, சார்லஸ் பாட்டர் 1896 வரை, வில்லியம் ஆப்பிள்கேட் கல்லிக் 1922 வரை அரசு அச்சகத்தை நடத்தினார்கள். பெயரைப் படித்தால் எந்தப் பத்தாண்டு என்று ஓரளவு தெரிந்துவிடும். காமன்வெல்த்துக்கு வேண்டிய அச்சு வேலையைப் பல வருஷம் விக்டோரிய அரசு அச்சகமே செய்து கொடுத்தது. 1927 வரை நாடாளுமன்றமே மெல்போர்னில்தான் இருந்தது. ஆகவே மெல்போர்ன் அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்பதால் அது விக்டோரியாவில் மட்டும் புழங்கிய படிவம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் வகை பிரிக்கும் அடையாளமாக இதை எடுத்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. படிவ எண் என்பது வேலையின் எண். பெறும் படிவம் என்ற வேலைக்கு ஒரு எண் கொடுத்தால், தாளின் தோற்றம் எத்தனை முறை மாறினாலும் அதே எண் தொடரலாம். அதை மட்டும் பார்த்தால் வெவ்வேறு வடிவங்கள் ஒன்றாகிவிடும். அச்சு ஆணை எண்ணோ ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் மாறும். அதை மட்டும் பார்த்தால் ஒரே வடிவம் பல துண்டாகிவிடும். ஒரே அச்சுக்கோப்பைப் பிரிக்காமல் வைத்திருந்து மூன்று வருஷம் அச்சடித்தால் அது ஒரு வடிவத்தின் மூன்று அச்சீடு; மூன்று வடிவம் அல்ல.

நடைமுறையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த வரி ஓரத்தில் இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகும், மடிப்பில் தேயும், ஆல்பத்தில் ஒட்டியவர் பசையோடு போகும். முக்கியமான தாள்களில் அது இல்லாமலே போகும்போது, அதையே நம்பிய வகைப்பாடு நின்றுவிடும்.

அமைப்பும் வாசகமும்

என் தேர்வு இதுதான். மெதுவான வழி, கண்ணுக்கு வேலை கொடுக்கும் வழி. ஆனாலும் அச்சுக்கோத்தவரின் தீர்மானங்கள் முழுவதும் இங்கேதான் இருக்கின்றன.

பெறும் படிவத்தின் தலைப்புக்குக் கீழே அச்சிட்ட அறிவிப்பு வாசகம் ஒன்று இருக்கும். பி.எம்.ஜி. காலத்துப் படிவங்களில் அடிக்கடி காணும் செய்திகள் இவை: இந்தத் தந்தி தபால் தந்திச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டுப் பெறப்பட்டது, இதன் முதல் வரியில் புறப்பட்ட அலுவலகம், வார்த்தை எண்ணிக்கை, ஒப்படைத்த நேரம் முதலிய விவரங்கள் இந்த வரிசையில் இருக்கும், தேதி முத்திரை பெற்ற நாளைக் காட்டுகிறது, வேறு தேதி குறிப்பிடாவிட்டால் ஒப்படைத்த நாளும் அதுவே. வாசகத்தை அப்படியே, கால்புள்ளி முற்றுப்புள்ளி உள்பட எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வரி உடைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோப்பு புதிதாக அடுக்கப்பட்டால் வரி உடையும் இடம் மாறுவது சகஜம். அதே அச்சுக்கோப்பை வைத்திருந்தால் மாறாது. இரண்டு படிவங்கள் ஒரே வடிவமா என்று சந்தேகம் வந்தால் நான் தலைப்பைவிட முதலில் பார்ப்பது இந்த வரி முறிவைத்தான்.

அடுத்தது கட்டங்களும் கோடுகளும். தந்தி வந்து சேரும் விதம் மாறும்போது தாளும் மாற வேண்டியிருந்தது. சவுண்டர் கருவியின் தட்டலைக் காதால் கேட்டு ஒருவர் கையால் எழுதிய காலத்தில் செய்தி எழுத வரிக்கோடு தேவை. தட்டச்சில் அடிக்க ஆரம்பித்ததும் கோடு இடைஞ்சல். கோட்டின் மேல் எழுத்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1920களில் மரே மல்டிபிளெக்ஸ் போன்ற அச்சிடும் தந்திக் கருவிகள் பெருநகரங்களுக்கு நடுவே வந்தன. 1959ல் டிரெஸ் என்ற தானியங்கி டெலிபிரிண்டர் இணைப்பு முறை வந்தது. அச்சான காகித நாடாவை வெட்டி ஒட்டிய படிவங்களும் உண்டு. அதற்கு வெறும் இடம் போதும். ஆக, கோடு இருக்கிறதா, எத்தனை, செய்திக்கு விட்ட இடத்தின் உயரம் என்ன என்பவையெல்லாம் அலங்காரம் பற்றிய கேள்விகள் அல்ல. அந்தப் படிவத்துக்குப் பின்னால் எந்தக் கருவி, எந்த வேலைமுறை இருந்தது என்று அவை சொல்கின்றன. இதனால்தான் அமைப்பை முதுகெலும்பாக வைத்த வகைப்பாடு வெறும் எண் வரிசையாக நின்றுவிடாமல் தந்தியின் வரலாற்றோடு சேர்ந்து நடக்கிறது.

அனுப்பும் படிவங்களில் பணக் கட்டத்தைப் பாருங்கள். 1966 பிப்ரவரி 14ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியது. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று அச்சிட்டிருந்தால் முன்னது, டாலர் சென்ட் என்றால் பின்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படிவங்களில் தேதி வரியும் உதவும். ஆண்டின் முதல் மூன்று இலக்கத்தை அச்சிட்டு, கடைசி இலக்கத்தைக் கையால் எழுத விட்டிருப்பார்கள். 188 என்று அச்சிட்ட தாளில் கடைசி 8ஐ 9 என்று கிறுக்கித் திருத்தியிருந்தால், பழைய இருப்பைத் தீர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

இந்த முறைக்கு ஒரு ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமில்லை. ஆர்வம் மிஞ்சினால் எல்லாமே புது வகையாகத் தெரியும். ஒரு பெரிய தாளில் பல படிவங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அச்சடித்து, பிறகு வெட்டுவது அச்சக வழக்கம். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அச்சுக்கோப்பு. ஒன்றில் ஒரு எழுத்து உடைந்திருக்கும், இன்னொன்றில் ஒரு கோடு கால் மில்லிமீட்டர் குறையும். ஒரே நாளில் ஒரே ஆணையில் பிறந்தவை. இவற்றை வகை என்று எண்ணக் கூடாது. ஒரு வகைக்குள் இருக்கும் அச்சுக்கோப்பு வேறுபாடு என்று துணைக்குறிப்பில் வைத்தால் போதும்.

எங்கே கோடு போடுவது? நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. அந்த மாற்றத்தை யாராவது ஓர் அதிகாரி சொல்லிச் செய்திருப்பாரா? வாசகத்தில் ஒரு சொல் கூடுவது, கட்டம் இடம் மாறுவது, புதிய தலைப்பு, புதிய சின்னம், கோட்டை எடுத்தது, இவற்றுக்கெல்லாம் யாரோ உத்தரவு போட வேண்டும். அவை வகை. எழுத்து உடைவது, மை திரள்வது, கோடு வளைவது, இவற்றுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. எழுத்துரு மாற்றம்தான் நடுவில் நிற்கிறது: அச்சகத்தில் அந்த எழுத்து இல்லாததால் வேறு எழுத்து போட்டிருக்கலாம். அங்கே மட்டும் அச்சகக் குறிப்பைத் துணைக்கு அழைத்து, இரண்டும் வேறு வேறு ஆணையில் வந்தவை என்று தெரிந்தால் துணைவகையாக வைக்கலாம்.

தேதி முத்திரையும் செய்தியும்

பலருக்கும் பிடித்த வழி. முத்திரையில் தேதி இருக்கிறது, தேதி வாரியாக அடுக்கினால் வரிசை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. தேதி முத்திரை அந்தத் தாள் பயன்பட்ட நாளைச் சொல்கிறது, பிறந்த நாளைச் சொல்லவில்லை. மெல்போர்ன், சிட்னி போன்ற பெரிய அலுவலகங்களில் கட்டுக்கட்டாகத் தீர்ந்துபோகும். வாரத்துக்குச் சில தந்தி மட்டுமே வரும் உட்பகுதி அலுவலகத்தில் ஒரு கட்டு பல வருஷம் கிடக்கும். அங்கே புதிய வடிவம் வந்த பிறகும் பழையது ஓடிக்கொண்டிருக்கும். தேதியை வைத்து அடுக்கினால் பழைய வடிவம் புதியதற்குப் பின்னால் போய் உட்காரும்.

அதனால் முத்திரையை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வகைக்கும் தெரிந்த மிக முந்தைய தேதி, மிகப் பிந்தைய தேதி என்று இரண்டைக் குறித்து வைத்தால் அது அருமையான சான்று. முந்தைய தேதிக்குப் பெரிய நகரத் தாள்களை நம்புங்கள். பிந்தைய தேதி பெரும்பாலும் சின்ன ஊரிலிருந்துதான் வரும். தேதி மங்கிப்போன இடத்தில் ஊர்ப்பெயரே உதவும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் ஊர்ப்பெயர்களை முதல் உலகப் போர்க் காலத்தில் மாற்றினார்கள். ஹாண்டார்ஃப் 1918ல் ஆம்பிள்சைட் ஆனது, 1935ல் பழைய பெயருக்குத் திரும்பியது. முத்திரையில் நான்கிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1967 ஜூலைக்கு முன்னால் இருக்க முடியாது.

செய்தியைப் பற்றித் தனியாக ஒரு சொல். வகை பிரிக்க அது உதவாது, ஆனால் தாளின் மதிப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஒரு சிப்பாய் இறந்த செய்தி வந்தால், ஊர்ப் பாதிரியார் வழியாக வீட்டாரிடம் சொல்லும் ஏற்பாடு இருந்தது. அப்படிப்பட்ட தந்தி ஒன்று உங்கள் கட்டில் இருந்தால், அது எந்த வகை என்ற கேள்வி இரண்டாம் பட்சம். அதைக் குடும்பத்தாரின் மற்றக் கடிதங்களோடு சேர்த்தே வையுங்கள். வகை வரிசைக்கு ஒரு படம் போதும்.

நிறமும் படமும்

நிறம் கண்ணை முதலில் இழுக்கும், முதலில் ஏமாற்றவும் செய்யும். வெயில் பட்ட தாள் மஞ்சளாகும், அமிலத் தாள் பழுப்பாகும், சட்டத்துக்குள் மாட்டி வைத்த இளஞ்சிவப்பு வெளுத்துவிடும். நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள். மற்ற எல்லாம் பொருந்தி, நிறம் மட்டும் தெளிவாக வேறாக இருந்தால் துணைவகை என்று வைக்கலாம்.

1930களிலிருந்து பரவிய படம் போட்ட வாழ்த்துத் தந்திப் படிவங்களுக்கு மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழ். கிறிஸ்துமஸ், கல்யாணம், பிறந்தநாள் என்று வந்த இவற்றில் படமே வடிவம். படத்தை வைத்துப் பிரித்துவிட்டு, அதே படம் மறுபடி வந்தபோது எது மாறியது என்று வாசகத்தையும் அச்சகக் குறிப்பையும் பார்த்தால் சரியாக இருக்கும்.

வெளிநாட்டுத் தந்தி

இங்கேயும் என் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். தலைப்புக்கே முதலிடம். கடல்கம்பித் தந்தியைக் கம்பெனிகள் நடத்தின; கம்பெனிகள் சேர்ந்தன, பெயர் மாறின, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி தெரியும். 1873ல் உருவான ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனி. 1902ல் கனடாவிலிருந்து குயின்ஸ்லாந்தின் சவுத்போர்ட் வரை கம்பி முடித்த பசிபிக் கேபிள் போர்டு. 1927ல் ஆமால்கமேட்டட் வயர்லெஸ் தொடங்கிய பீம் (ஒரே திசையில் செலுத்தும் ரேடியோ) கம்பியில்லாச் சேவை. 1929ல் இணைந்து உருவாகி 1934ல் கேபிள் அண்ட் வயர்லெஸ் என்று பெயர் மாறிய நிறுவனம். 1946ல் அரசு அமைத்த ஓ.டி.சி. என்ற வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம். தலைப்பைப் படித்தாலே காலம் குறுகிவிடும். உள்நாட்டுப் படிவத்தில் அறுபது வருஷ மூட்டையாக இருந்தது இங்கே கச்சிதமான துண்டுகளாகக் கிடைக்கிறது.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு தனி ஈர்ப்பு இருக்க வேண்டும். 1872 ஆகஸ்ட் 22ல் அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் தரைவழிக் கம்பி ஃப்ரூ பாண்ட்ஸ் என்ற இடத்தில் இணைந்தது. அறுந்து கிடந்த கடல்கம்பியை அக்டோபரில் சரிசெய்ததும் ஆஸ்திரேலியா உலகத்தோடு இணைந்தது. டார்வினிலிருந்து ஜாவாவின் பான்யுவாங்கி, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, பினாங்கிலிருந்து கடலுக்கடியில் மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து தரைவழியாக பம்பாய், அப்புறம் லண்டன். அந்தக் காலத்து லண்டன் தந்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதன் வார்த்தைகள் சென்னைக் கடற்கரை வழியாகப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாதையைக் குறிக்கும் சொல் செய்திக்கு முன்னால் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

யாருக்கு எது

தாத்தா பாட்டி காகிதங்களை ஒழுங்குபடுத்துகிறவருக்கு வகை எண்ணே வேண்டாம். தலைப்பு, சின்னம், முத்திரை மூன்றும் போதும். கடையில் ஒன்றிரண்டு வாங்கி, இது எந்தக் காலத்தது என்று மட்டும் அறிய விரும்புகிறவர் அச்சகக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு கட்டைச் சேர்த்து, அதில் இடைவெளி எங்கே என்று கண்டுபிடிக்க நினைப்பவர் அமைப்பு முறைக்கு வந்தே ஆக வேண்டும். அவருக்கு நான் சொல்லும் வரிசை: வேலை, அமைப்பும் வாசகமும், தலைப்பும் சின்னமும், அச்சகக் குறிப்பு, நிறம். முத்திரைத் தேதி இந்த வரிசையில் வராது. தனிப் பத்தியில் சான்றாக நிற்கும்.

எண் கொடுப்பதில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கால வரிசையில் 1, 2, 3 என்று கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 2க்கும் 3க்கும் நடுவே புதிதாக ஒன்று கிடைத்த நாளில் மொத்தமும் குலையும். அதற்குப் பதில், வேலைக்கு ஓர் எழுத்து, காலகட்டத்துக்கு ஓர் எழுத்து, அதற்குள் கிடைத்த வரிசையில் ஓர் எண் என்று வையுங்கள். எண் காலத்தைக் குறிக்காது, பெயரை மட்டும் குறிக்கும். காலத்தைத் தேதிப் பத்தி பார்த்துக்கொள்ளும். அச்சுக்கோப்பு வேறுபாட்டுக்கு எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய எழுத்து.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வழி ஸ்கேன்தான். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், மில்லிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, தாளின் நான்கு ஓரமும் பின்பக்கமும் தெரிய எடுங்கள். அனுப்பும் படிவங்களில் விதிமுறைகள் பின்பக்கம் இருக்கலாம், அதன் வாசகமும் மாறும். ஒரு ஸ்கேனைப் பாதி ஒளிபுகும்படி இன்னொன்றின் மேல் வைத்து நகர்த்தினால் வரி முறிவும் கட்ட இடமும் பொருந்துகிறதா என்று உடனே தெரியும். தாள் ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்பதால் மொத்த அளவு கொஞ்சம் மாறலாம். ஆகவே அளவில் இருக்கும் சிறு வித்தியாசத்தை மட்டும் வைத்து வேறு வகை என்று முடிவு செய்யாதீர்கள். ஒட்டிய தபால்தலையைப் பிரிக்காதீர்கள், நாடாவை உரிக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். சொந்தக் கட்டில் இல்லாத வகைகளைத் தேட விக்டோரிய அருங்காட்சியகம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம், தேசிய ஆவணக் காப்பகம் ஆகியவற்றின் இணையச் சேகரிப்புகளும், அரசிதழ்களுக்கும் பழைய செய்தித்தாள்களுக்கும் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளமும் இருக்கின்றன. அங்கே தேதியோடு கிடைக்கும் ஒவ்வொரு படமும் உங்கள் தேதிப் பத்தியை முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும்.